காற்றிலிருந்து சோறு, காற்றிலிருந்து குண்டு... இப்போது கப்பலுக்கு எரிபொருள்! அம்மோனியாவைத் தந்த ஃப்ரிட்ஸ் ஹேபர் யார்?

இன்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள்? சாம்பார் சாதமோ, பிரியாணியோ, எதுவாக இருந்தாலும் சரி. அந்த அரிசி விளைந்த வயலுக்குப் பெரும்பாலும் யூரியா போட்டிருப்பார்கள். யூரியாவின் மூலப்பொருள் அம்மோனியா. இன்று உலகில் வாழும் மனிதர்களின் உடலில் இருக்கும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி, ஏதோ ஒரு தொழிற்சாலையில் அம்மோனியாவாகப் பிறந்து, உரமாக மண்ணுக்குப் போய், உணவாக நம் தட்டுக்கு வந்தது என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள்.

அதே அம்மோனியாவை இப்போது இன்ஜினில் எரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். 2024 மார்ச் மாதம் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஃபோர்டெஸ்க்யூ கிரீன் பயனியர் என்ற கப்பல், டீசலுடன் அம்மோனியாவையும் சேர்த்து எரித்துச் சோதனை நடத்தியது. அதே ஆண்டு ஜப்பானின் ஹெகினான் அனல் மின் நிலையத்தில், ஒரு யூனிட்டில் 20 சதவிகிதம் நிலக்கரிக்குப் பதிலாக அம்மோனியாவை எரித்துப் பார்த்தார்கள். காரணம் சிம்பிள். அம்மோனியாவில் கார்பன் கிடையாது. எரித்தால் கார்பன் டை ஆக்ஸைடு வராது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த வாயுவைப் பற்றி உலகம் இப்படி உற்சாகப்படுவது இது முதல் முறை இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பும் அப்படித்தான் இருந்தது. அந்த உற்சாகத்தின் நடுவில் இருந்தவர் ஜெர்மன் வேதியியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேபர். கோடிக்கணக்கானோர் சாப்பிடக் காரணமானவரும் அவர்தான், போர்க்களத்தில் விஷவாயுவைத் திறந்துவிட்டவரும் அவர்தான்.

அவர் வாழ்க்கையைப் பார்த்தால், அம்மோனியாவிடம் நாம் கேட்க வேண்டிய 2 கேள்விகள் கிடைக்கும். ஒன்று, அதற்குத் தேவையான ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? இரண்டு, தயாரித்த அம்மோனியா எங்கே போகிறது?

காற்று நிறைய நைட்ரஜன்... அப்புறம் என்ன பிரச்னை?

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன். ஆனால், பயிர்களால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. காற்றில் இருக்கும் 2 நைட்ரஜன் அணுக்களும் ஒன்றையொன்று அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடியை மின்னல் உடைக்கும். பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா உடைக்கும். நெல், கோதுமையால் முடியாது.

19-ம் நூற்றாண்டு ஐரோப்பா இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டுப் பாலைவனத்தில் கிடைத்த நைட்ரேட் உப்பை வெட்டியெடுத்துக் கப்பல் கப்பலாக ஏற்றி வந்தார்கள். அதுதான் உரம். வெடிமருந்துக்கும் அதுதான் மூலப்பொருள். ஆனால், சுரங்கம் என்றால் ஒருநாள் தீரத்தானே செய்யும்? 1898-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி வில்லியம் க்ரூக்ஸ் இந்த ஆபத்தைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தார். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிக்க வேதியியலாளர்கள் வழி கண்டுபிடிக்காவிட்டால், கோதுமை சாப்பிடும் நாடுகள் பசியைச் சந்திக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அந்த வழியைக் கண்டுபிடிக்கப்போகிறவருக்கு அப்போது வயது 29. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில், அதிகம் பேருக்குத் தெரியாத ஆய்வாளராக இருந்தார்.

சாய வியாபாரியின் மகன்

1868 டிசம்பர் 9. அப்போதைய பிரஷ்யாவின் ப்ரெஸ்லாவ் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் ஹேபர். இன்று அந்த நகரம் போலந்தில், வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. மகன் பிறந்த சில வாரங்களிலேயே தாய் பவுலா இறந்துவிட்டார். அப்பா ஸீக்ஃப்ரீட், சாயப் பொருட்கள் வியாபாரி. அப்பாவுக்கும் மகனுக்கும் கடைசிவரை அவ்வளவாக ஒத்துப்போகவில்லை.

பெர்லின், ஹைடெல்பெர்க் எனச் சுற்றிப் படித்து, 1891-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால், பட்டம் வாங்கினால் மட்டும் போதாத காலம் அது. பல்கலைக்கழகப் பதவிகளில் யூதர்கள் மேலே வருவது குதிரைக் கொம்பு. 1892-ல் ஹேபர் கிறிஸ்தவ மதத்துக்கு மாறினார். தான் முழுக்க முழுக்க ஒரு ஜெர்மானியர் என்று நிரூபிக்க வேண்டும் என்ற தவிப்பு அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. பின்னால் நடந்த பல விஷயங்களுக்கு இந்தத் தவிப்பும் ஒரு காரணம்.

1894-ல் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரியில் உதவியாளர் வேலை கிடைத்தது. 1901-ல் க்ளாரா இம்மர்வாரைத் திருமணம் செய்துகொண்டார். க்ளாராவும் வேதியியலாளர். ப்ரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண். ஆனால், திருமணத்துக்குப் பிறகு ஆய்வகம் கணவருக்கு, வீடு மனைவிக்கு என்று ஆகிவிட்டது. 1902-ல் மகன் ஹெர்மன் பிறந்தான். க்ளாராவின் ஆராய்ச்சி வாழ்க்கை கிட்டத்தட்ட அதோடு முடிந்தது.

ஒரு அவமானம், ஒரு பிடிவாதம்

ஒரு நைட்ரஜன் அணுவும் 3 ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தால் அம்மோனியா. பேப்பரில் எழுத ஒரு வரிதான். செய்துபார்த்தால்தான் சிக்கல் புரியும். சூடு குறைவாக இருந்தால் வினை நகரவே நகராது. சூட்டை ஏற்றினால் உருவான அம்மோனியா மறுபடியும் பிரிந்துபோகும்.

ஹேபர் முதலில் செய்த சோதனைகளில் கிடைத்த அம்மோனியா, இது தொழிலுக்கு ஆகாது என்று அவரையே நினைக்கவைத்தது. இந்த நிலையில் 1907-ல் ஹாம்பர்க் நகரில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில், புகழ்பெற்ற வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்ட், ஹேபரின் எண்கள் தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். ஹேபருக்கு அது பெரிய அடி. அந்தக் கோபத்தில்தான் மறுபடியும் ஆய்வகத்துக்குள் போனார்.

இந்த முறை அவருடன் இருந்தவர் ராபர்ட் லெ ரோஸிக்னோல். ஜெர்சி தீவைச் சேர்ந்த இளைஞர், கருவிகள் வடிவமைப்பதில் கில்லாடி. அழுத்தத்தைக் கூட்டினால் அம்மோனியா பிரிந்துபோகாமல் பிடித்துவைக்கலாம் என்பது தெரிந்திருந்தது. எவ்வளவு அழுத்தம்? வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் 200 மடங்கு. உங்கள் பைக் டயரில் அடிக்கும் காற்றைவிடக் கிட்டத்தட்ட நூறு மடங்கு. அதையும் 500 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் தாங்க வேண்டும். அதற்கான வால்வுகளை லெ ரோஸிக்னோல்தான் உருவாக்கினார்.

அப்படியும் ஒரு சுற்றில், உள்ளே போன வாயுவில் சிறு பங்குதான் அம்மோனியாவாக மாறியது. இங்கேதான் ஹேபரின் ஐடியா வேலை செய்தது. உருவான அம்மோனியாவைக் குளிரவைத்துத் திரவமாக வெளியே எடு. மீதி வாயுவை வீணாக்காமல் மறுபடியும் உள்ளே அனுப்பு. திரும்பத் திரும்பச் சுற்றவிடு. இன்றும் உலகத்தின் எல்லா அம்மோனியா ஆலைகளும் இதே சுழற்சி முறையில்தான் ஓடுகின்றன.

1909 ஜூலை 2. பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனத்திலிருந்து கார்ல் போஷ், ஆல்வின் மிட்டாஷ் இருவரும் செயல்விளக்கம் பார்க்க வந்தார்கள். கருவி முதலில் மக்கர் செய்தது. சரிசெய்வதற்குள் போஷ் கிளம்பிவிட்டார். காத்திருந்த மிட்டாஷ், திரவ அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒரு டம்ளர்கூட தேறாது. ஆனால், காற்றிலிருந்து உரம் செய்ய முடியும் என்பது அன்று நிரூபணமானது.

டம்ளரிலிருந்து டன் கணக்குக்கு

ஆய்வகத்துச் சொட்டை ஆலை அளவுக்குக் கொண்டுபோனவர் கார்ல் போஷ். அதனால்தான் இதை ஹேபர்-போஷ் முறை என்கிறோம். ஹேபர் பயன்படுத்திய வினையூக்கி ஆஸ்மியம், உலகத்திலேயே மிக அரிதான உலோகங்களில் ஒன்று. மிட்டாஷ் குழு ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, கடைசியில் மலிவான இரும்புத் தாதுவில் சில பொருட்களைச் சேர்த்த வினையூக்கியைக் கண்டுபிடித்தது.

அடுத்த தலைவலி, வெடிக்கும் உலைகள். சூடான ஹைட்ரஜன், எஃகில் இருக்கும் கார்பனைத் தின்று அதை நொறுங்கவைத்தது. போஷ் உலைக்குள் மெல்லிய இரும்பு உறை ஒன்றைப் பொருத்தினார். அழுத்தத்தைத் தாங்கும் வெளி எஃகில் சிறு சிறு துளைகள் போட்டு, கசியும் ஹைட்ரஜன் வெளியேற வழிவிட்டார். 1913 செப்டம்பரில் ஜெர்மனியின் ஒப்பாவ் என்ற ஊரில் உலகின் முதல் அம்மோனியா ஆலை ஓடத் தொடங்கியது.

இங்கே நம் முதல் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். ஒப்பாவ் ஆலைக்கு ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? நிலக்கரியிலிருந்து. பழுக்கக் காய்ச்சிய கரி மீது நீராவியைச் செலுத்தி ஹைட்ரஜனைப் பிரித்தெடுத்தார்கள். அதாவது, காற்றிலிருந்து சோறு என்று உலகம் கொண்டாடிய நாளிலேயே, பின்பக்கக் குழாயில் கார்பன் டை ஆக்ஸைடு போய்க்கொண்டுதான் இருந்தது. அன்று அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலைப்பட வேண்டும் என்று தெரியாத காலம் அது.

உரம் வெடிமருந்தானது எப்படி?

1911-ல் ஹேபர் பெர்லினுக்குப் போனார். டாலெம் பகுதியில் புதிதாகத் தொடங்கிய கைசர் வில்ஹெல்ம் இயற்பியல் வேதியியல் நிறுவனத்தின் இயக்குநர் பதவி. ஐன்ஸ்டைன் பெர்லினுக்கு வந்தபோது இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள்.

1914-ல் முதல் உலகப்போர் வெடித்தது. பிரிட்டிஷ் கடற்படை கடல்வழியை அடைத்ததும், ஜெர்மனிக்குச் சிலி நைட்ரேட் வருவது நின்றது. நைட்ரேட் இல்லையென்றால் குண்டு இல்லை. குண்டு இல்லையென்றால் போர் சில மாதங்களில் முடிந்திருக்கும். ஆனால், அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக மாற்றினால் வெடிமருந்து செய்துவிடலாம். உரத்துக்காகக் கட்டிய ஒப்பாவ் ஆலை, போருக்காகத் திருப்பிவிடப்பட்டது. 1917-ல் லொய்னா என்ற இடத்தில் இன்னும் பெரிய ஆலை வந்தது. ஹேபர்-போஷ் முறை இல்லாவிட்டால் ஜெர்மனியால் 4 ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்க முடியாது என்று பல வரலாற்று ஆசிரியர்கள் கருதுகிறார்கள்.

இரண்டாவது கேள்வி, அம்மோனியா எங்கே போகிறது? இந்த முறை வயலுக்குப் போகவில்லை.

ஹேபர் அதோடும் நிற்கவில்லை. பதுங்குகுழிகளில் தேங்கிப்போன போரை விஷவாயுவால் நகர்த்திவிடலாம் என்று நம்பினார். ராணுவத் தளபதிகளில் பலர் தயங்கியபோதும், திட்டத்தை முன்னின்று நடத்தினார். 1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்ரஸ் அருகே, காற்று எதிரிப் பக்கம் வீசும் நேரம் பார்த்து, 5,000-க்கும் மேற்பட்ட உருளைகள் திறக்கப்பட்டன. சுமார் 150 டன் குளோரின். மஞ்சளும் பச்சையுமான மேகம் தரையோடு தரையாக நகர்ந்தது. பிரெஞ்சுப் படையிலிருந்த அல்ஜீரிய வீரர்கள் உட்படப் பலர் மூச்சுத் திணறி இறந்தார்கள். போர் வரலாற்றில் பெரிய அளவில் நடந்த முதல் விஷவாயுத் தாக்குதல் இது. ஹேபர் போர்முனையில் நேரில் நின்று இதை மேற்பார்வையிட்டார். அதன்பிறகு அவருக்கு கேப்டன் பதவி கிடைத்தது.

க்ளாராவின் மரணம்

தாக்குதல் நடந்து 10 நாள்தான் ஆகியிருந்தது. மே 2 அதிகாலை, டாலெம் வீட்டுத் தோட்டத்தில் க்ளாரா, கணவரின் ராணுவத் துப்பாக்கியால் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எழுதிய கடைசிக் கடிதம் எதுவும் இன்று நம்மிடம் இல்லை. விஷவாயுவுக்கு எதிரான மனசாட்சியின் குரல் என்று சிலர் சொல்கிறார்கள். கருகிப்போன ஆராய்ச்சிக் கனவு, கசந்துபோன திருமணம் என வேறு காரணங்களையும் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். ஒரே ஒரு காரணத்தை அவர் பெயரில் எழுதிவைப்பது நியாயமாக இருக்காது.

சத்தம் கேட்டு ஓடிவந்து தாயைப் பார்த்த ஹெர்மனுக்கு வயது 12. ஹேபர் அடுத்த விஷவாயுத் தாக்குதலுக்காகக் கிழக்குப் போர்முனைக்குக் கிளம்பிப் போய்விட்டார். 1917-ல் ஷார்லோட் நாதன் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். 2 குழந்தைகள் பிறந்தன. 10 ஆண்டுகளில் அந்தத் திருமணமும் விவாகரத்தில் முடிந்தது.

நோபல் பரிசு, கடலில் தங்கம், ஒப்பாவ் வெடிப்பு

ஜெர்மனி தோற்றது. போர்க்குற்றவாளியாகக் கைதாகலாம் என்ற பயத்தில் ஹேபர் கொஞ்ச நாள் சுவிட்சர்லாந்தில் இருந்தார். அந்தச் சமயத்தில்தான், 1919 நவம்பரில், 1918-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அம்மோனியாவுக்காகத்தான், விஷவாயுவுக்காக அல்ல. ஆனாலும் நேச நாடுகளின் விஞ்ஞானிகள் பலர் கொதித்தார்கள். கார்ல் போஷுக்கு நோபல் பரிசு 1931-ல் வந்தது.

தோற்ற ஜெர்மனி மீது கோடிக்கணக்கான மார்க் இழப்பீடு சுமத்தப்பட்டது. அதை அடைக்க ஹேபர் யோசித்த வழி சினிமா கதை மாதிரி இருக்கும். கடல் நீரில் கரைந்திருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுப்பது! கப்பலில் ஆய்வகம் அமைத்துப் பல ஆண்டுகள் முயன்றார். கடைசியில், கடல் நீரில் இருக்கும் தங்கம் தான் நம்பிய அளவில் மிக மிகச் சிறு பங்குதான் என்று தெரிந்து, 1920-களின் நடுவில் திட்டத்தைக் கைவிட்டார்.

இதற்கிடையே 1921 செப்டம்பர் 21 காலை, ஒப்பாவ் உர ஆலையில் ஒரு பயங்கரம். சுமார் 4,500 டன் அம்மோனியம் உரம் ஒரே குவியலாக இறுகிக் கிடந்தது. அதைத் தளர்த்தச் சிறு வெடிகளை வைப்பது வழக்கம். அதற்குமுன் ஆயிரக்கணக்கான முறை ஒன்றும் ஆகவில்லை. அன்று குவியலே வெடித்தது. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2020-ல் பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்த அம்மோனியம் நைட்ரேட் ஞாபகம் வருகிறதா? அதே குடும்பம்தான். உரமும் வெடிமருந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

தாய்நாடு கைவிட்டது

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரலில் அரசுப் பணிகளிலிருந்து யூதர்களை வெளியேற்றும் சட்டம் வந்தது. போரில் பணியாற்றியவர் என்பதால் ஹேபருக்கு விலக்கு உண்டு. ஆனால், தன் நிறுவனத்தின் யூத ஊழியர்களை அவர் வேலையை விட்டு அனுப்ப வேண்டும். ஏப்ரல் 30-ம் தேதி ராஜினாமா கடிதம் கொடுத்தார். மதம் மாறியதும், போரில் நின்றதும், நோபல் வாங்கியதும் எதுவும் கைகொடுக்கவில்லை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கொஞ்ச காலம் இருந்தார். அங்கேயும் விஷவாயு அவரை விடவில்லை. இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு அவரைச் சந்திக்க மறுத்தார் என்று சொல்லப்படுகிறது. பாலஸ்தீனத்தின் ரெஹோவோட்டில் புதிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் சேரும்படி ஹெய்ம் வைஸ்மன் அழைத்தார். இதயநோய் முற்றியிருந்தது. 1934 ஜனவரி 29, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஹோட்டல் ஒன்றில் ஹேபர் இறந்தார். வயது 65. பிறகு க்ளாராவின் அஸ்தியும் அவர் அருகிலேயே கொண்டுவந்து வைக்கப்பட்டது.

அவருக்குத் தெரியாமல் போன ஒரு கொடுமை மிச்சம் இருந்தது. அவர் நிறுவனத்தில் பூச்சிக்கொல்லியாகத் தொடங்கிய சயனைடு வாயு ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக வந்ததுதான் சைக்ளோன் பி. நாஜி வதை முகாம்களில் லட்சக்கணக்கான யூதர்களைக் கொல்ல அது பயன்பட்டது. கொல்லப்பட்டவர்களில் ஹேபரின் உறவினர்களும் இருந்தார்கள்.

சரி, அம்மோனியா எரிபொருளாகுமா?

ஆகும். இதுவும் புதிய ஐடியா இல்லை. இரண்டாம் உலகப்போரில் டீசல் தட்டுப்பாடு வந்தபோது, பெல்ஜியத்தில் அம்மோனியாவில் பஸ் ஓட்டினார்கள். 1960-களில் அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானம் அம்மோனியாவையும் திரவ ஆக்ஸிஜனையும் எரித்துப் பறந்தது.

இப்போது திடீரென்று ஏன் இவ்வளவு பேச்சு? விஷயம் எரிப்பதைவிடச் சேமிப்பதில் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளை ஆடி மாதத்தில் பார்த்திருப்பீர்கள். விடாமல் சுற்றும். மார்கழியில் அந்த வேகம் இருக்காது. பேட்டரி சில மணி நேரத்துக்கான மின்சாரத்தைச் சேமிக்கும். ஆடி மாதக் காற்றை மார்கழிக்கு எடுத்துவைக்க வேறு ஏதாவது வேண்டும். மிச்ச மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாம். ஆனால், ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும். அம்மோனியாவுக்கு மைனஸ் 33 டிகிரி போதும். அல்லது, சமையல் கேஸ் சிலிண்டர் மாதிரி மிதமான அழுத்தமே போதும். இன்னொரு ஆச்சர்யம், ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜனில் இருப்பதைவிட ஒரு லிட்டர் திரவ அம்மோனியாவில் ஒன்றரை மடங்கு ஹைட்ரஜன் இருக்கிறது. ஏற்றிச்செல்லக் கப்பல்களும் துறைமுகத் தொட்டிகளும் உரத் தொழிலால் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன.

குறைகளும் உண்டு. ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் ஒரு லிட்டர் அம்மோனியாவில். எனவே, டேங்க் 3 மடங்கு பெரிதாக வேண்டும். லேசில் தீப்பிடிக்காது. சரியாக எரியாவிட்டால் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் வரும். அதில் நைட்ரஸ் ஆக்ஸைடு, கார்பன் டை ஆக்ஸைடைவிடச் சுமார் 270 மடங்கு புவியைச் சூடாக்கும். மின்சாரத்தை அம்மோனியாவாக்கி, மறுபடி மின்சாரமாக்கினால் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். அதனால் உங்கள் ஸ்கூட்டருக்கு இது வராது. நீண்ட தூரக் கப்பல், மாதக்கணக்கான சேமிப்பு, இதற்குத்தான் பொருந்தும்.

மறுபடியும் அந்த 2 கேள்விகள்

ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? இன்று உலகம் ஆண்டுக்குச் சுமார் 18 கோடி டன் அம்மோனியா தயாரிக்கிறது. ஏறக்குறைய எல்லாமே இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்துதான். ஒரு டன் அம்மோனியாவுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்ஸைடு ஆலையிலேயே வெளியேறிவிடுகிறது. இந்த அம்மோனியாவை வாங்கிக் கப்பலில் எரித்தால், புகைபோக்கி இடம் மாறியது என்று மட்டும்தான் அர்த்தம்.

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால் கதை வேறு. அதுவும் ஏற்கெனவே செய்து பார்த்ததுதான். நார்வேயின் ருயுகான் பள்ளத்தாக்கில் 1929 முதல் நீர் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து அம்மோனியா செய்தார்கள். பஞ்சாபின் நங்கல் உர ஆலையும் 1960-களில் பக்ரா அணை மின்சாரத்தில் அப்படித்தான் ஓடியது. மலிவான எரிவாயு வந்ததும் உலகம் இந்த வழியை ஓரங்கட்டியது. ஆக, தொழில்நுட்பம் நம்மிடம் இருந்தது. விலைதான் தோற்கடித்தது. 2023 ஜனவரியில் இந்திய அரசு அறிவித்த தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டம் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜனை இலக்காக வைத்திருக்கிறது. ஜெயிக்க வேண்டியது அந்த விலைப் போட்டியில்தான்.

அம்மோனியா எங்கே போகிறது? இதற்குப் பதில் தெரிய நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, வடசென்னையின் எண்ணூரில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் பகுதி மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாகத் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அது உரத்துக்கான ஒரே ஒரு குழாய். நாளை கப்பல்கள் எல்லாம் அம்மோனியாவில் ஓடினால், ஒவ்வொரு பெரிய துறைமுகத்திலும் இதைவிடப் பல மடங்கு அம்மோனியா வந்துபோகும். துறைமுகத்தை ஒட்டி வாழ்பவர்கள் பெரும்பாலும் மீனவர்களும் கூலித் தொழிலாளர்களும்தான்.

ஹேபர் தன் காலத்தின் பெரிய கேள்விக்குச் சரியான விடை கண்டுபிடித்தவர். அதில் சந்தேகமே இல்லை. அந்த விடைக்கு எந்த நிலக்கரி எரிகிறது, கிடைத்ததை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்விகள் மட்டும் பின்னுக்குப் போய்விட்டன. இரண்டாவது கேள்விக்கான விலையை அவர் தன் வீட்டிலேயே கொடுத்தார்.

அடுத்த முறை அம்மோனியாவில் ஓடும் கப்பல் பற்றி ஒரு செய்தி உங்கள் மொபைலில் வந்தால், தலைப்போடு நிறுத்திவிடாதீர்கள். அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது, அந்தக் குழாய் யார் வீட்டுப் பக்கமாகப் போகிறது, இந்த 2 விவரமும் செய்தியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பாதி செய்திதான் வந்திருக்கிறது.